பேச்சு இல்லை, மூச்சு சரியில்லை, அமுக்கு: போன் வழியாக சிபிஆர் செய்யப் பழக்குவது எப்படி

சிபிஆர் என்பது இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கும் முதலுதவி. வழக்கமான சிபிஆர் வகுப்பில் பயிற்சிப் பொம்மையின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தவருக்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளர் நிற்பார். கை தவறினால் பிடித்துத் திருத்துவார். நிஜத்தில் பக்கத்தில் இருப்பது ஒரு போன் மட்டும்தான். வகுப்பில் நன்றாகச் செய்தவர்கூட, போனில் ஒரு குரல் சொல்லச் சொல்லச் செய்யப் பழகாததால் வீட்டுக் கூடத்தில் திணறிப்போகிறார்.

குடியிருப்புச் சங்கம், கல்யாண மண்டபம், பள்ளி, பட்டறை என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேரும் இடத்தில் இந்த ஒத்திகையை நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சான்றிதழ் வகுப்புக்கு இது மாற்று அல்ல. அதற்கு முன்னாலோ பின்னாலோ செய்ய வேண்டியது.

ஒத்திகையில் இரண்டு வேடம்: அமுக்குபவர், போனில் சொல்பவர். எல்லோரும் இரண்டையும் செய்ய வேண்டும். "நான் என்ன கண்ட்ரோல் ரூமிலா வேலை பார்க்கிறேன்?" என்று யாராவது கேட்பார்கள். ஊரில் அப்பா விழுந்துவிட்டால் அம்மா முதலில் கூப்பிடுவது 108-ஐ அல்ல, பிள்ளையைத்தான். அந்த நேரத்தில் போனில் சொல்பவர் நீங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இரண்டு அறை, இரண்டு போன், ஒரு பொம்மை, ஒரு பாய், ஒரு ஸ்டாப்வாட்ச். அமுக்குபவரும் சொல்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது. ஒரே அறையில் முதுகைத் திருப்பி உட்காரவைத்தால் போதும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். போதாது. சத்தத்தை வைத்தே பாதியை ஊகித்துவிடுகிறார்கள். சிலர் திரும்பியும் பார்த்துவிடுகிறார்கள்.

ஒத்திகைக்கு 108-ஐ ஒருபோதும் அழைக்காதீர்கள். சொல்பவரின் எண்ணை 'பயிற்சி 108' என்று பதிவு செய்து அதைக் கூப்பிடவையுங்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். ஆர்வக் கோளாறில் உண்மையான எண்ணை அழுத்தப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொம்மை, அமுக்கும்போது சரியான ஆழத்தில் 'க்ளிக்' என்று ஒலிக்கும் வகையாக இருந்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றால் ஒரு பழைய டி-ஷர்ட்டுக்குள் தலையணையைத் திணித்து வையுங்கள். அதில் வரிசையும் வேகமும் பழகலாம், ஆழம் பழக முடியாது. உயிரோடு இருக்கும் ஆள்மேல் அமுக்கிப் பழகக் கூடாது. 'மெதுவாத்தான் சார் அமுக்கறேன்' என்றாலும் கூடாது.

2. விளக்கம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்

என் முதல் வகுப்பில் இதயத்தின் நான்கு அறைகளையும் படம் போட்டு, நாற்பது நிமிடம் பேசினேன். பிறகு ஒத்திகை. முதலில் வந்தவர் பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், காலைத் தேய்த்தார். இரண்டு நிமிடம் கழித்தும் நெஞ்சில் கை வைக்கவில்லை. நான் சொன்னதில் இருந்து அவருக்குத் தங்கியது, 'பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது' என்பது மட்டும்தான்.

இப்போது சொல்வது இவ்வளவே. இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. நெஞ்சை அமுக்குவது இதயத்தின் வேலையைக் கையால் செய்வது. எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் சில நிமிடம் ஆகும். அந்த நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவருடையவை.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர் செய்யும்போது, தேவையில்லை. இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017-ல் பொதுமக்களுக்காக வெளியிட்ட முறையில் நெஞ்சை அமுக்குவது மட்டும்தான் இருக்கிறது. இதைக் கேட்டதும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். உடனே பொம்மைக்குப் போய்விடுங்கள்.

3. முதல் பாடம் போன்

நெஞ்சு பிறகு. முதலில் போனைக் கையில் இருந்து கீழே வைக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையால் அமுக்குபவர்கள் நிறையப் பேர். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்பவர்களும் உண்டு. நான்காவது அமுக்கலில் போன் விழுந்து, தேடப் போய்விடுவார்கள்.

வரிசை இது: எண்ணை அழுத்து, ஸ்பீக்கரைப் போடு, விழுந்தவரின் தலைக்குப் பக்கத்தில் தரையில் வை. தலைக்குப் பக்கம் என்பதற்குக் காரணம், அமுக்குபவரின் வாயும் காதும் அங்கேதான் இருக்கும்.

ஒவ்வொருவரும் சொந்த போனிலேயே செய்ய வேண்டும். கீபேட் போன் வைத்திருப்பவருக்கு ஸ்பீக்கர் எந்தப் பொத்தானில் என்று பல நேரம் தெரியாது. ப்ளூடூத் இயர்பட்ஸ் இணைந்திருந்தால் குரல் சட்டைப் பைக்குள் பேசிக்கொண்டிருக்கும். இதெல்லாம் ஒருமுறை மாட்டிக்கொண்டால்தான் மனதில் நிற்கும்.

அடுத்து முகவரி. தமிழ்நாட்டின் 108 கட்டுப்பாட்டு அறை மாநிலம் முழுவதுக்குமானது, இருப்பது சென்னையில். 'மாரியம்மன் கோயில் பக்கத்துல வாங்க' என்றால் எந்த ஊர் மாரியம்மன்? மாவட்டம், ஊர் அல்லது பகுதி, தெரு, அடையாளம், மாடி என்ற வரிசையில் ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். குடியிருப்பு என்றால் அந்த வரியை எழுதி லிஃப்ட் பக்கத்திலும் காவலாளி அறையிலும் ஒட்டிவிடுங்கள். சொந்த வீட்டு முகவரி பதற்றத்தில் மறந்துபோகும். மறக்காது என்று சொன்னவர்களே மறந்திருக்கிறார்கள்.

முகவரி சொன்னதும் போனை வைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. 'வண்டி அனுப்பிட்டாங்க' என்று துண்டித்துவிட்டு வாசலைப் பார்த்து நிற்பார்கள். மறுமுனை வைக்கச் சொல்லும்வரை வைக்காதே என்பது விதி. அதே நேரம், மறுமுனை சொல்லிக்கொடுத்தால்தான் தொடங்குவேன் என்றும் இருக்கக் கூடாது. லைன் போகலாம், ஆள் மாறலாம். அமுக்கும் கை அதற்காக நிற்கக் கூடாது.

நீங்கள் வெளிமாநிலத்தில் இருக்கும்போது ஊரில் இருந்து அழைப்பு வந்தால் ஒன்று கவனியுங்கள். பெங்களூரில் இருந்து 108 அழுத்தினால் கர்நாடகத்தில்தான் எடுப்பார்கள். எனவே அங்கிருப்பவரிடம், 'பக்கத்து வீட்டுக்காரரை அவர் போனில் 108-க்குப் பேசச் சொல்லு, நீ என் லைனிலேயே இரு' என்று சொல்ல வேண்டும். இரண்டு போன், இரண்டு வேலை.

4. இரண்டு கேள்வி: பேச்சு, மூச்சு

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒத்திகை நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

'பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கேட்க வேண்டிய இரண்டு கேள்வியும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பேச்சோ அசைவோ இருக்கிறதா? மூச்சு எப்போதும்போல் வருகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் மூன்றாவது கேள்வி கிடையாது. அமுக்கத் தொடங்கலாம். அமெரிக்காவில் போனில் வழிகாட்டுபவர்களுக்கும் 'இல்லை, இல்லை, தொடங்கு' என்றுதான் கற்றுத்தருகிறார்கள்.

இரண்டாவது கேள்வியில் 'எப்போதும்போல்' என்ற சொல் இல்லாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஒரு குடியிருப்பில் நடந்த ஒத்திகை. வயதான காவலாளி ஒருவர் அமுக்குபவர். நான் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்து, இதயம் நின்றவரின் திணறல் மூச்சை நடித்துக்கொண்டிருந்தேன்: ஆறேழு நொடிக்கு ஒருமுறை வாயைத் திறந்து ஒரு இழுப்பு, குறட்டை மாதிரி. போனில் ஒரு இளம்பெண்.

"அண்ணா, மூச்சு இருக்கா?"

"இருக்குதும்மா, இருக்குது. நல்லா இழுக்கறாரு."

"சரிண்ணா, அப்படியே படுக்க வைங்க. வண்டி வந்துட்டிருக்கு."

காவலாளியும் கடமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். இரண்டு பேர்மீதும் தப்பில்லை. மூச்சு இருக்கா என்று கேட்டால் இருக்கு என்றுதான் சொல்வார். அந்த இழுப்பு மூச்சே அல்ல. இதயம் நின்றபின் மூளையின் அடித்தண்டு விடும் கடைசி அனிச்சை. அது பலருக்கு முதல் சில நிமிடங்கள் வரும், பிறகு நின்றுவிடும். அது நிற்கும்வரை காத்திருந்தால் நல்ல நேரம் கைவிட்டுப் போயிருக்கும்.

சில சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 'இழுக்குது', 'அப்பப்ப வருது', 'குறட்டை விடறாரு', 'மீன் மாதிரி வாயத் திறக்கறாரு', 'கடைசி மூச்சு இழுக்குது'. பேச்சில்லாதவரைப் பற்றிப் போனில் இதில் எதைக் கேட்டாலும், மூச்சு இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால், "அவர் மூச்சு விடும்போதெல்லாம் 'இப்போ'ன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். 'இப்போ' வந்து அடுத்த 'இப்போ' வர வெகுநேரம் ஆனால் விடை கிடைத்துவிட்டது. இதற்கும் பத்து நொடிக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பது வேண்டாம். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்; விரலில் காற்று பட்டால் மூச்சு என்று நினைத்துவிடுவார்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாடியும் பார்க்க வேண்டாம். பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அவருடைய நாடி என்று எண்ணிவிடுவது எளிது.

வலிப்பு மாதிரி வெட்டி இழுப்பது இன்னொரு பொறி. இதயம் நின்ற முதல் சில நொடிகளில் கைகால் வெட்டலாம். உடனே சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிப்பார்கள். இரும்பு வலிப்பையும் நிறுத்தாது, இதயத்தையும் ஓட்டாது. வெட்டு நின்றதும் மூச்சைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முகத்தில் சோடா தெளிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, உள்ளங்காலைத் தேய்ப்பது எல்லாம் இதே கணக்கு. ஒத்திகையில் ஒருவரை 'பக்கத்து வீட்டுக்காரர்' ஆக்கி, சோடா பாட்டிலோடு குறுக்கே வரச் செய்யுங்கள். அவரை எப்படி விலக்கி வேலை கொடுப்பது என்பதும் பயிற்சிதான்: "அண்ணே, சோடா வேணாம், கேட்டைத் திறந்து வைங்க."

இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தவறிப்போய் அமுக்கிவிட்டால்? அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார். நிறுத்திவிட்டால் போயிற்று. பெரிய காயம் ஏற்படுவது அரிது. அமுக்க வேண்டியவரை அமுக்காமல் விட்டால் அதைத் திருத்த வழியில்லை.

5. தரைக்கு இறக்குவது

அதற்கும் முன்னால் ஒரு பார்வை: மின்சாரம் பாய்ந்து விழுந்தவரா? மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. சாலை நடுவிலா? வண்டிகளை நிறுத்த ஒருவர் வேண்டும்.

மெத்தை, கயிற்றுக் கட்டில், நாற்காலி எதுவும் உதவாது. நாம் அமுக்குவது மெத்தைக்குள் போகும், நெஞ்சுக்குப் போகாது. மல்லாக்க, கெட்டியான தரையில்.

போனில் சொல்பவர் இங்கேதான் பொறுமை இழக்கிறார். கனமான ஆளை ஒரு அம்மா தனியாகக் கட்டிலில் இருந்து எப்படி இறக்குவார்? 'தூக்கி இறக்குங்க' என்று சொல்லாதீர்கள். "பெட்ஷீட்டோட சேர்த்து உங்க பக்கம் இழுங்கம்மா. தலை மட்டும் டமார்னு இடிக்காம பாத்துக்கங்க." இவ்வளவு தெளிவாகச் சொன்னால் நடக்கும். ஒத்திகையில் ஒரு மூட்டை அரிசியைப் போர்வையில் வைத்து இழுக்கவிட்டுப் பாருங்கள், நம்பிக்கை வந்துவிடும். முயன்றும் முடியவில்லை என்றால் இருக்கும் இடத்திலேயே அமுக்கத் தொடங்க வேண்டியதுதான்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடும் அவசரம் எல்லோருக்கும் வரும். ஓடும் ஆட்டோவில் நெஞ்சை அமுக்க இடமும் இல்லை, கெட்டித் தரையும் இல்லை. வழியெல்லாம் ரத்த ஓட்டம் இல்லாமலே பயணம் போகும். வண்டி வரும்வரை தரையிலேயே அமுக்குவது மேல்.

6. கை எங்கே

'நெஞ்சில் கை வையுங்கள்' என்றால் பாதிப் பேர் இடது பக்கம் வைப்பார்கள், இதயம் அங்கே என்று. 'நெஞ்சுக்குழி' என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம்; வயிற்றுக்கு மேலே குழிவான இடத்தில் அமுக்கி ஈரலைப் பதம் பார்ப்பார்கள். போனில் இந்தச் சொல்லே வரக் கூடாது.

"ரெண்டு மார்புக்கும் நடுவுல, நட்ட நடு நெஞ்சுல, எலும்பு மேல." இது போதும். எந்தக் கைப் பகுதி என்பதற்கு, சப்பாத்தி மாவைப் பிசையும்போது மணிக்கட்டை ஒட்டி அமுக்குவோமே, அந்த அடிச்சதை. இப்படிச் சொன்னபின் யாரும் விரல் நுனியால் அமுக்கியதில்லை. அதன்மேல் மற்றக் கை, விரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டும். முட்டி இரண்டும் அவர் உடம்போடு ஒட்டி, முழங்கை மடங்காமல், தோள் நேராகக் கைக்கு மேலே. கை பலத்தால் அமுக்கினால் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துபோவார்கள். உடம்பின் எடை இறங்க வேண்டும்.

விழுந்தவர் பெண் என்றால் தயக்கம் வரும், அதை ஒத்திகையிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். உடையைக் கழற்ற வேண்டாம். முந்தானையோ துப்பட்டாவோ நெஞ்சில் சுருண்டு கிடந்தால் விலக்கவும். தாலிக்கொடி கைக்கு அடியில் மாட்டினால் ஓரமாகத் தள்ளவும், கழற்ற நேரம் செலவழிக்க வேண்டாம். பொம்மைக்கு ஒரு பழைய புடவையும் கயிறும் போட்டு ஒரு சுற்றுச் செய்தால் அந்தக் கூச்சம் அங்கேயே உடையும்.

7. எவ்வளவு வேகம், எப்படி எண்ணுவது

நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வந்த பின்பே அடுத்தது. மேலே வரும்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். இந்த எண்கள் வகுப்புக்கு. போனில் 'ஐந்து சென்டிமீட்டர்' என்று சொன்னால் அமுக்குபவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். "உங்களால முடிஞ்ச அளவு பலமா, வேகமா" என்பது அங்கே சரியான அளவு. புதியவர்கள் பெரும்பாலும் பயந்து மெதுவாகத்தான் அமுக்குவார்கள்.

எண்ணுவதில் நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போகும்வரை வேகம் சரியாக இருக்கும். பதினொண்ணு, பன்னெண்டு வந்ததும் தளரும். 'இருபத்தி ஏழு' என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு அமுக்கலுக்கான அரை நொடி போய்விடும். வாய் மெதுவானால் கையும் மெதுவாகும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தபோதுதான் இது எனக்கே தெரிந்தது.

எனவே நாலோடு நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு; ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான்கும் குறுஞ்சொற்கள், தாளம் தானாக வரும். ஐந்து சுற்று முடிய 10 முதல் 12 நொடி ஆனால் வேகம் சரி. 10 நொடிக்குக் குறைந்தால் அவசரம், நெஞ்சு மேலே வர நேரமில்லை.

முதல் இரண்டு சுற்றைப் போனில் சொல்பவர் எண்ணட்டும். அப்புறம் அமுக்குபவர் சத்தமாக எண்ண வேண்டும். போனில் குரல் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். இருவரும் சேர்ந்தே எண்ணினால் தாளம் குழம்பும். அவர் எண்ணுவதைக் கேட்டே வேகத்தையும் களைப்பையும் கண்டுபிடிக்கலாம். எண்ணும் குரல் நின்றால் கையும் நின்றுவிட்டது என்று பொருள். உடனே, "நிறுத்தாதீங்க, எண்ணுங்க!"

எலும்பு 'மளுக்' என்று சத்தம் கேட்கலாம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் கையை எடுக்க மாட்டார்கள். கை நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். விலா எலும்பு பிறகு கூடும்.

8. போனில் சொல்பவருக்கு

முதல் விதி: "உங்களுக்கு சிபிஆர் தெரியுமா?" என்று கேட்கவே கூடாது. தெரியாது என்பதுதான் பதில், அதோடு அவர் ஒதுங்கியும் விடுவார். "செய்ய முடியுமா?" என்பதும் அப்படித்தான். "நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. நான் கூடவே இருக்கேன்" என்று ஆரம்பியுங்கள்.

பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழுதுகொண்டிருக்கும் ஒருவர் 'செல்விக்கா' என்று தன் பெயரைக் கேட்டால் ஒரு நொடி நிதானிப்பார். அக்கா, அண்ணா, ஐயா, அம்மா என்று எது பொருந்துகிறதோ அதைச் சேருங்கள். 'மேடம், தயவுசெய்து அமைதியாக இருங்கள்' என்பது யாரையும் அமைதிப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. கத்துகிறவரைவிட ஒரு படி தாழ்ந்த குரலில், அதே சொற்களைத் திரும்பச் சொல்வதுதான் வேலை செய்கிறது.

ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. செய்து முடித்தாரா என்று கேட்டபிறகு அடுத்தது. மாதிரிக்கு:

"ஸ்பீக்கர் போட்டு தலைகிட்ட வைங்கக்கா. வெச்சாச்சா?"

"வெச்சிட்டேன்."

"தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. அசையறாரா?"

"இல்லையே, இல்லையே..."

"நெஞ்சைப் பாருங்க. எப்பவும் மாதிரி மூச்சு விடறாரா?"

"ஒரு மாதிரி இழுக்குதும்மா."

"அது மூச்சு இல்லைக்கா. நாம இப்ப நெஞ்சை அமுக்கப் போறோம். தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. பக்கத்துல முட்டி போடுங்க. மாவு பிசையற கை, நட்ட நடு நெஞ்சுல. அதுக்கு மேல அடுத்த கை. வெச்சாச்சா? பலமா அமுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

அமெரிக்க இதயச் சங்கம் வைத்திருக்கும் உயர்ந்த இலக்கு, அழைப்பு கிடைத்ததில் இருந்து முதல் அமுக்கல் வரை 90 நொடி. மேலே உள்ள உரையாடலை முகவரியோடு சேர்த்து நிதானமாகச் செய்தாலும் அதற்குள் முடியும். வயது, சர்க்கரை, பிரஷர், எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறார் போன்றவற்றை முன்னால் கேட்டால் முடியாது. அந்தக் கேள்விகள் எல்லாம் கை நெஞ்சில் ஓடத் தொடங்கிய பிறகு.

அமுக்கத் தொடங்கியதும் சொல்பவர் மௌனமாகிவிடுவது இன்னொரு குறை. வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறையாவது குரல் போக வேண்டும்: "சரியா பண்றீங்க, இன்னும் பலமா, நெஞ்சை முழுசா மேல வரவிடுங்க." லைன் செத்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்ப்பவர், அதற்காகக் கையை நெஞ்சில் இருந்து எடுக்கிறார்.

9. கைமாற்றுவதும் ஏஇடியும்

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அமுக்குபவருக்கே தெரியாமல் ஆழம் குறைந்துகொண்டு வரும். 'எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பாத்துக்கறேன்' என்பவரையும் மாற்றுங்கள். அடுத்தவர் எதிர்ப்பக்கம் முட்டி போட்டுத் தயாராக இருந்து, நாலு எண்ணி முடிக்கும் அந்த நொடியில் கையை வைக்க வேண்டும். எழுந்து, சுற்றி வந்து, உட்கார்ந்து மாறினால் பதினைந்து நொடி வீணாகும்.

ஏஇடி, அதாவது நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி, கட்டடத்தில் இருந்தால், எங்கே இருக்கிறது என்பதை நடந்து போய் எல்லோரும் பார்க்க வேண்டும். பூட்டிய அறையில் இருக்கிறது, சாவி மேலாளரிடம் என்றால் அது இல்லாததற்குச் சமம். எடுக்கப் போவது அமுக்குபவர் அல்ல, வேறொருவர். பட்டைகளை ஒட்டும்போது மட்டும் நெஞ்சு வெறுமையாக, ஈரம் துடைத்து, சங்கிலி விலக்கி இருக்க வேண்டும். ஒட்டும்வரை அமுக்குவது ஓடட்டும். பிறகு கருவி பேசும். ஆங்கிலத்தில் பேசும் கருவி என்றால் 'தள்ளி நில்', 'பொத்தானை அழுத்து', 'அமுக்கத் தொடங்கு' என்ற மூன்றுக்கும் எது வரும் என்று முன்பே கேட்டுப் பழக்குங்கள்.

மீதி ஆட்களை வேடிக்கை பார்க்கவிடாமல் அனுப்புங்கள். ஒருவர் கேட்டைத் திறக்க, ஒருவர் லிஃப்ட்டைத் தரைத்தளத்தில் பிடித்துவைக்க, ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்குக் கைகாட்ட.

10. குழந்தை, நீரில் மூழ்கியவர்

இவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு முதலில் நின்றுபோய்த்தான் இதயம் நிற்கிறது. அதனால் மூச்சும் ஊத வேண்டும். பயிற்சி உள்ளவர் 30 அமுக்கலுக்கு 2 மூச்சு என்று செய்வார். குழந்தையின் நெஞ்சில் இருந்து முதுகு வரையுள்ள கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். கைக்குழந்தைக்கு அது ஏறக்குறைய 4 செ.மீ. இதைத் தனி வகுப்பில், குழந்தைப் பொம்மையோடு கற்றுக்கொடுங்கள். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கலந்தால் பெரியவர் பொம்மையையும் குழந்தைக்குச் செய்வதுபோல் அமுக்குவார்கள். மூச்சு ஊதத் தெரியாதவர் ஒன்றும் செய்யாமல் நிற்பதைவிட அமுக்குவது மட்டுமாவது செய்யலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

11. எப்போது நிறுத்துவது

அவர் கண் திறந்தால், அசைந்தால், எப்போதும்போல் மூச்சு விட்டால். ஆம்புலன்ஸ் ஊழியர் பக்கத்தில் முட்டி போட்டு 'நான் பார்த்துக்கறேன்' என்றால். ஏஇடி தள்ளி நிற்கச் சொன்னால், அந்த நேரத்துக்கு மட்டும். உங்களால் இனி முடியவே முடியாது, மாற்றவும் ஆள் இல்லை என்றால்.

சைரன் சத்தம் கேட்டால் நிறுத்துவது இந்தப் பட்டியலில் இல்லை. ஒத்திகையில் பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிறுத்துகிறார்கள். வண்டி கேட்டில் நின்று, ஸ்ட்ரெச்சர் இறங்கி, மூன்றாவது மாடிக்கு வர இன்னும் இரண்டு நிமிடம் ஆகலாம். கடைசிச் சுற்றில் என் போனில் சைரன் ஒலியைப் போடுவேன். யார் கையை எடுக்கிறார் என்று பார்ப்பேன்.

12. அளந்து பார்ப்பது

ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: அழைப்பில் இருந்து 'மூச்சு சரியில்லை' என்று தெரிந்தவரை, அழைப்பில் இருந்து முதல் அமுக்கல் வரை, கை நெஞ்சில் இல்லாமல் இருந்த மிக நீண்ட இடைவெளி. மதிப்பெண் வேண்டாம், பாராட்டுரை வேண்டாம். மூன்று எண்ணையும் பலகையில் எழுதினாலே எங்கே நேரம் போனது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சிங்கப்பூரில் டேர் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நடத்தும் குறும்பயிற்சி, அந்த ஊர் அவசர எண்ணான 995-ல் இருப்பவர் சொல்வதைக் கேட்டு அமுக்கவும் ஏஇடி வைக்கவும் பழக்குகிறது. போனைப் பயிற்சிக்குள் கொண்டுவருவது புது யோசனை ஒன்றும் அல்ல. நமக்கு அந்தப் பழக்கம் வர வேண்டும், அவ்வளவுதான்.

கற்றது மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மங்கத் தொடங்கும். முழு வகுப்பை மறுபடி நடத்த வேண்டியதில்லை. ஆளுக்கு ஐந்து நிமிடச் சுற்று ஒன்று போதும். சங்கக் கூட்டம் முடிந்து டீ வரும்போது பொம்மையை நடுக்கூடத்தில் போட்டு, 'பயிற்சி 108' என்று பதிவாகியிருக்கும் எண்ணுக்கு யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். எடுப்பவர் மாடியில் வேறு வீட்டில் இருக்கட்டும். ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள்.